நிஸ்தாரிணியின் திராவகம்

"ஊறுகாய் போடற கையால திராவகம் காய்ச்சினா, அதுலயும் உப்பு தூக்கலாத்தானே இருக்கும், பௌதி?"

அண்ணி முறை வைத்துக் கேட்டுவிட்டு, தன் கேலிக்குத் தானே சிரித்தார் பவதோஷ் பாபு. சீமைக்குப் போய் ரசாயனம் படித்து வந்தவர். கல்கத்தாவில் புதிதாகத் திறந்த சுதேசிப் பள்ளியின் ஆய்வுக்கூடத்துக்கு எந்தத் திராவகம் வாங்குவதென்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

நிஸ்தாரிணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. மூலச்சரக்கான வெடியுப்பில் ஒட்டியிருக்கும் சாப்பாட்டு உப்பு, காய்ச்சும்போது திராவகத்தோடு சேர்ந்தே இறங்கிவிடும். அந்த மிச்சத்தைப் பிடித்திழுக்க வெள்ளி வேண்டும். கல்யாணத்துக்கு வந்த வெள்ளி மைச்சிமிழைக் கரைத்து ஊற்றி, மூன்று நாள் அடியில் படியவிட்டு, தெளிவை இறுத்து மறுபடியும் காய்ச்சியிருந்தாள். மாமியார் இன்னும் அந்தச் சிமிழைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"சும்மா சொல்லலை," என்றார் பவதோஷ். "உங்க சரக்கையும் சீமைச் சரக்கையும் சீட்டு ஒட்டாம பக்கத்துல பக்கத்துல வைங்க. எது எதுன்னு ஒரு நிமிஷத்துல சொல்றேன்."

"நாக்குல வெச்சுப் பார்த்துச் சொல்லேன், நாக்கு மிஞ்சினா!" என்றான் அவள் கணவன் க்ஷிதீஷ்.

நிஸ்தாரிணி உள்ளே போய் இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். இவர் வேண்டாமென்றால், அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் மேசையிலும் கப்பலில் வந்த புட்டிதான்.

சந்தேஷ் இனிப்பு தின்ற கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார் பவதோஷ். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் முதல் புட்டியின் திராவகத்தையும் மற்றதில் இரண்டாவதன் திராவகத்தையும் சேர்த்தார். பிறகு, உப்பு இருந்தால் காட்டிக்கொடுக்க என்று தான் கொண்டுவந்திருந்த வெள்ளிக் கரைசலை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விட்டார். முதல் குழாயில் மோர் தெளித்ததுபோல் வெண்மை படர்ந்தது. இரண்டாவது அசையாமல், பளிங்காக நின்றது.

"பாத்தீங்களா? கலங்கினது பௌதியோடது. இது சீமை!" குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். "இந்தச் சுத்தம் நம்மாளுங்களுக்கு வர இன்னும் நூறு வருஷம் ஆகும்."

க்ஷிதீஷ் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்தான்.

"மனசு விட்டுடாதே க்ஷிதீஷ். நான் நியாயத்தைத்தான் எழுதணும்." பவதோஷ் ஒரு சீட்டில், 'மிகத் தூய்மையானது, பள்ளிக்கு இதையே வாங்கவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டாவது புட்டியின் கழுத்தில் கட்டினார். "இது எந்தக் கம்பெனி சரக்கு, பௌதி?"

"அது நான் காய்ச்சினது."

"அப்ப... கலங்கினது சீமையா?"

"அதுவும் நான் காய்ச்சினதுதான். சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எடுத்து வெச்சது." முக்காட்டை விலக்கி, முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள் நிஸ்தாரிணி. "சீமைத் திராவகம் இந்த வீட்டு வாசப்படி ஏறி மூணு வருஷமாச்சு, பாபு."

க்ஷிதீஷ் சால்வையை எடுத்துவிட்டு வெடித்துச் சிரித்தான். பவதோஷ் பாபு, கட்டிய சீட்டைப் புட்டியிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.