பதினேழாவது கேள்வி

“சின்ன வயசுல வயித்துல பூச்சி வந்திருக்கா அங்கிள்?”

இனியா கையிலிருந்த ஐபேடைப் பார்த்தபடி கேட்டாள். பதினேழாவது கேள்வி. குடற்புழுவுக்கும் குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்குமா என்று அவள் வேலை பார்க்கும் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரின் சுவா சூ காங் பகுதியில் இன்று இது இரண்டாவது வீடு.

ரத்னவேல் மனைவியைப் பார்த்தார்.

சிவகாமசுந்தரி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அதுவரை கேட்டதில் ஒன்பது கேள்விகள் சாப்பாட்டைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் அவர் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

“நான் அரைச்ச மிளகாய்ச் சம்பல்தாம்மா காரணம்,” என்று இனியா செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருந்தார். “முப்பத்திரண்டு வருஷம். கேக்கக் கேக்கப் போட்டேன்.”

மூன்று மாதத்துக்கு முன் புற்றுநோய் என்று ரத்னவேலின் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். தேக்கா சந்தையில் வாங்கிவைத்த மிளகாய் டப்பா அன்றே அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. மிளகாய் ஆகாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

“வந்திருக்கு,” என்றார் ரத்னவேல். “ஒரு தடவையா? வெள்ளை வெள்ளையா விழும். மூக்கைப் புடிச்சு விளக்கெண்ணெய் ஊத்துவாங்க.”

“என்கிட்ட சொன்னதே இல்லையே!”

“பூச்சி விழுந்த கதையைப் பொண்ணு பாக்க வந்தப்பவா சொல்லுவாங்க?”

இனியா ‘ஆம்’ என்ற கட்டத்தைத் தொட்டாள்.

சிவகாமசுந்தரி அவள் பக்கம் திரும்பினார். “அப்ப, அதுனாலயும் வருமா?”

“இருக்கலாம் ஆன்ட்டி. உறுதியாத் தெரியாது. அதைத்தான் பாக்குறோம்.”

முதல் சொல்லுக்கு மேல் அவர் கேட்கவில்லை. எழுந்துவிட்டார்.

“சாப்பிட்டுட்டுத்தான் போகணும், என்ன?”

சமையலறையில் ஸ்டூல் இழுபட்டது. டப்பா மூடி திறந்தது. மிக்சி ஓடத் தொடங்கியது.

ரத்னவேல் அந்தச் சத்தத்துக்குள் குனிந்தார்.

“பதினேழை மாத்திடும்மா. பூச்சி எனக்கில்ல, என் தம்பிக்கு. அவன் நல்லாத்தான் இருக்கான்லா.”

மிக்சி நிற்பதற்குள் இனியா மாற்றினாள்.