விட்டுப்போன இலை

“நான் தனியாத்தான் வெட்டிட்டு இருந்தேன்” என்று அவர் மூன்றாவது முறையாகச் சொன்னார். முதல் இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

டாக்டர் ஊசியும் நூலுமாக அவருடைய வலது ஆள்காட்டி விரலின் மேல் குனிந்திருந்தார். மரத்துப்போக மருந்து போட்டாகிவிட்டது. விரல் தன்னுடையதுதான் என்பதை அவர் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மனைவி சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பிய அவசரத்தில், பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டபடியே வந்திருந்தாள். முகத்தில் அழுகை இல்லை, பயம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களின் முகம்.

“எதுல வெட்டிக்கிட்டீங்க சார்?”

“வேலிச்செடி வெட்டுற மெஷின். ஒயர் கிடையாது, பேட்டரி.” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மெஷின் மேல தப்பே இல்லை டாக்டர். அப்படி ஏதும் எழுதிடாதீங்க.”

அவர் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடாதவன், கையுறையைக் கழற்றியவன், ஈரத்தரையில் ஓடியவன் என்று எல்லாரையும் நோக்கி நீண்டது இந்த ஒரு விரல்தான். தொழிலாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அம்புக்குறி.

வீட்டிலும் விரலுக்கு லீவு கிடையாது. சாப்பாட்டில் உப்பு, திரைச்சீலையில் சுருக்கம், மின்விசிறியில் தூசி. விரல் நீளும், அது காட்டிய திசையில் மனைவி போவாள். கல்யாணமான நாளிலிருந்து போக்குவரத்து அப்படித்தான்.

“வெட்டுப்பட்டதும் என்ன செஞ்சீங்க?”

“சத்தம் கேட்டு இவ ஓடி வந்தா. முதல்ல பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். அப்புறம் பிளேடைத் துடைச்சு, எண்ணெய் விட்டு, உறையை மாட்டச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் வண்டியைக் கூப்பிட்டோம்.”

“ரத்தம் கொட்டிட்டு இருக்கும்போதா?”

“ரத்தம் காய்ஞ்சா பிளேடு துருப்பிடிச்சிடும் டாக்டர்.”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். கண்ணாடியும் சேர்ந்து ஆடியது.

“சார், விரலை நீட்டுற தசைநார் அறுந்திருக்கு. சேர்த்துத் தைச்சிருக்கேன். மடக்குறதுக்குப் பிரச்சினை இல்லை. நீட்டத்தான் முடியுமான்னு ஆறினப்புறம் பார்க்கணும்.”

அம்புக்குறி தன் விரலைப் பார்த்தார். மடங்கிய விரலோடு தொழிற்சாலை வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்தார். கொக்கி மாதிரி இருக்கும். கொக்கியைப் பார்த்து எவன் ஹெல்மெட் போடுவான்?

“எங்கப்பாகூட இந்த மெஷின் ஒண்ணு வாங்கணும்னு சொல்லிட்டு இருக்கார்” என்றார் டாக்டர். “இவ்வளவு ஆபத்தா?”

அவருக்கு உயிர் வந்தது. “ஆபத்தே கிடையாது! வெட்டுறதுக்கு முன்னாடி செடிக்குள்ள கம்பி, ஒயர் ஏதும் இருக்கான்னு பார்க்கணும். மழையில எடுக்கக் கூடாது. சிக்கிக்கிச்சுன்னா பேட்டரியைக் கழற்றிட்டுத்தான் கை வைக்கணும். ரெண்டு கைப்பிடி, ரெண்டுலயும் சுவிட்ச். ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சாத்தான் ஓடும். ஒரு கையை எடுத்தாப் போதும், பிளேடு உடனே நின்னுடும். இவளுக்கே நான் ஒரே நாள்ல கத்துக் குடுத்துட்டேன்னா பார்த்துக்கோங்க.”

டாக்டர் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டே கேட்டார். “ரெண்டு கையும் மெஷின்ல இருந்தா, இந்த விரல் எப்படி சார் பிளேடு முன்னாடி வந்துச்சு?”

அறையின் மூலையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஒரே ஒரு கேள்வி கேட்டு எத்தனை பேரை அவர் மடக்கியிருக்கிறார்! மடங்குகிறவர்கள் பக்கத்தில் இருந்து அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“இவதான் வெட்டிட்டு இருந்தா” என்றார், தரையைப் பார்த்து. “நான் பக்கத்துல நின்னேன். ஒரு இலை விட்டுப்போச்சு. காட்டினேன்.”

“ஓடுற பிளேடு முன்னாடியா?”

“சின்ன இலை டாக்டர். கிட்டப் போய்க் காட்டினாத்தான் இவளுக்குப் புரியும். ஆனா இவ பேரை இழுக்காதீங்க. பயந்துட்டா, பாவம்.”

டாக்டர் கட்டுப்போடத் துணி எடுத்துவர வெளியே போனார்.

அம்புக்குறிக்குத் தன் பெருந்தன்மை தனக்கே பிடித்திருந்தது. மனைவியிடம் நாலு வார்த்தை சொல்லலாம் என்று வழக்கம்போல விரலை நீட்டப் பார்த்தார். விரல் வரவில்லை. வெறும் குரலை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது. பழக்கம் இல்லாததாலோ என்னவோ, அது கொஞ்சம் கனிவாகவே வந்தது.

“நீ மனசைப் போட்டு குழப்பிக்காத. அந்தப் பதட்டத்துல கையை எடுக்கணும்னு உனக்குத் தோணலை. அவ்வளவுதானே?”

அவள் நெற்றியிலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்தாள். அவர் சொல்லிக் கொடுத்தபடியே காதுக்கம்பிகளை மடக்கிப் பைக்குள் வைத்தாள்.

“தோணுச்சுங்க.”