நாற்பத்திரண்டு பாகை

முதல் கல் தயிர்ச் சட்டியில் விழுந்தது.

இரண்டாவது, கேதீஸ்வரனின் காதுக்கு மேல்.

மோட்டார் சைக்கிள் சரிந்தது. பின்னால் கட்டியிருந்த மரப்பெட்டி பிளந்து, சட்டிகள் பள்ளி வீதியில் உடைந்து சிதறின. அசர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான். நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

தயிருக்குள் கையை ஊன்றி அவர் எழும்பப் பார்த்தார். யாரோ ஒருவன் முதுகில் உதைத்தான்.

"கிருமி எழும்புதுடா! மிதிங்கடா!"

நான் பார்மசியின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். கையில் ஒரு மாத்திரை அட்டை. யாருக்காக எடுத்தேன் என்பது மறந்துபோயிருந்தது.

மைதானத்தில் எம்.பி.யின் கூட்டம் இன்னும் முடியவில்லை. ஒலிபெருக்கி நாலு தெருவுக்கும் கேட்டது.

போன கிழமை, ஊர் எல்லையில் இருந்த பெயர்ப்பலகைக்கு யாரோ தார் பூசிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் முஸ்லிம் ஊருக்கும் பக்கத்துத் தமிழ் ஊருக்கும் இடையில் பஸ் கண்ணாடிகள் உடைந்துகொண்டிருந்தன. கண்ணாடிகள் மட்டும்தான். ஆட்கள்மேல் யாரும் கை வைக்கவில்லை.

கேதீஸ்வரன் அந்த ஊர்க்காரரும் அல்ல. சவளக்கடையிலிருந்து வருகிறவர். எட்டு வருடமாக நோன்பு மாதத்தில் எங்கள் தெருக்களுக்கு எருமைத் தயிர் கொண்டுவருகிறார். அந்தப் பலகை எங்கே நின்றது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

பத்து நிமிடத்துக்கு முன்னர் எம்.பி. கேட்டார்:

"உடம்புக்குள் கிருமி புகுந்தால் உடம்பு என்ன செய்யும்? சூடேறும். காய்ச்சல் வரும். சகோதரர்களே, காய்ச்சல் நோயல்ல. காய்ச்சல்தான் மருந்து. இந்த ஊருக்குக் காய்ச்சல் வரட்டும்!"

அந்த இடத்தில் கூட்டம் கத்தும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கத்தியது.

எந்த இனத்தின் பெயரையும் அவர் சொல்லவில்லை. பேச்சு முழுக்க ஒரு இடத்திலும் சொல்லவில்லை. நாளைக்குப் பொலிஸ் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டாலும் பிடிக்க ஒன்றும் இருக்காது.

வீதியில், மோட்டார் சைக்கிளில் கொழுவியிருந்த ஹெல்மெட்டை எடுத்து, அதனாலேயே கேதீஸ்வரனின் வாயில் அடித்தார்கள். அவர் கையை வைத்து மறைத்தார். விரல்களில் அடித்தார்கள்.

அடித்தவர்களில் ஒருவன் சட்டென்று நிறுத்தினான். எங்கள் பின்வளவில் குடியிருக்கிற முபாறக். அவன் உதட்டில் தயிர் தெறித்திருந்தது.

ஓரமாகப் போய்க் குனிந்தான். மூன்று தரம் துப்பினான். நாக்கில் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இன்னொரு தரம் துப்பினான். சட்டைக் கையால் வாயைத் துடைத்தான். நோன்பு முறிந்துவிடக் கூடாது.

பிறகு திரும்பி வந்து காலைத் தூக்கினான்.

பார்மசிக்காரர் சாலிஹ் காக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"விடுங்கடா! நேத்து ஒங்கட உம்மா நோன்பு திறந்தது இந்த மனிசன்ட தயிராலடா!"

"காக்கா, கிட்டப் போவாதீங்க. தொத்திரும்."

சிரித்தார்கள்.

சாலிஹ் காக்கா அவர்மேல் குனிந்து விழுந்தார். அவருக்கும் இரண்டு அடி விழுந்தது. கமுக்கட்டில் பிடித்து, இழுத்துக்கொண்டே வந்தார். வாசல்படியில் கேதீஸ்வரனின் ஒரு செருப்பு கழன்று கிடந்தது.

நான் ஷட்டரை இழுத்து விட்டேன். தகரத்தில் கற்கள் விழத் தொடங்கின.

உள்ளே, மருந்து அலுமாரிகளுக்கு நடுவில் அவரைக் கிடத்தினோம். காதின் மேல்பாதி தொங்கியது. நான் பஞ்சை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். பஞ்சு நிறைந்தது. இன்னொன்று வைத்தேன்.

அவர் தோல் குளிர்ந்துகொண்டு வந்தது. நாடி வேகமாக, மெல்லியதாக ஓடியது. இரத்தம் குறையும்போது அப்படித்தான் ஆகும். நான் உயிரியல் பட்டதாரி. மூன்று வருடமாக அரச நியமனம் இல்லாமல், இங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிறேன்.

சாலிஹ் காக்கா போனில் கத்தினார். அம்புலன்ஸ் சந்தியில் நிற்கிறதாம். சனம் விடவில்லையாம். போனை மேசையில் எறிந்தார்.

"இந்த எம்.பி.க்கு ரெண்டு வசனம் ஒழுங்காக் கதைக்க வராது. ஆரோ படிச்ச ஷைத்தான் எழுதிக் குடுத்திரிக்கி."

பக்கத்தில் திறந்து கிடந்த என் கைப்பையில் போன் அதிர்ந்தது. திரை மேலே பார்த்தபடி கிடந்தது; எம்.பி.யின் செயலாளரிடமிருந்து. இரண்டு கையும் பஞ்சில் இருந்ததால் அதைத் திருப்பிவைக்க முடியவில்லை.

*மாஷா அல்லாஹ் தங்கச்சி. காய்ச்சல் கதை நல்லா எடுபட்டுட்டு. நியமன லிஸ்டில ஒங்கட பேர்தான் முதலாவது.*

சாலிஹ் காக்கா மறுபடியும் போனை எடுத்து இலக்கங்களை அழுத்திக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கேதீஸ்வரன் கண்ணைத் திறந்தார். உடைந்த பற்களுக்குள்ளால் கதைத்தார்.

"புள்ள... நீங்க படிச்ச ஆள். காய்ச்சல் நல்லதெண்டு கத்துறானுகளே. மெய்யா புள்ள?"

அதற்கு விடை என்னிடம் இருந்தது. அந்தப் பேச்சில் எழுதியும் இருந்தேன். மருந்து என்று முடிகிற வரிக்கு அடுத்த வரி அதுதான்: *ஆனால் காய்ச்சல் நாற்பத்திரண்டு பாகையைத் தாண்டினால், சாவது கிருமி அல்ல, உடம்பு.*

எம்.பி. அதை வெட்டவில்லை. அவர் பார்க்கவே இல்லை.

வாசித்துப் பார்த்தபோது கைதட்டல் வரவேண்டிய இடத்தில் அந்த வரி குறுக்கே நின்றது. நான்தான் வெட்டினேன்.