புது செட்டில் ஒரு பழுது

"புது செட்டு நல்லா பாடணும் தம்பி. ஆனா நடுவுல கொஞ்ச நேரம் நின்னும் போவணும்" என்றார் யூனுஸ் பாய்.

இளஞ்செழியனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முத்துப்பேட்டையில் வண்டிகளுக்கு ஸ்டீரியோ மாட்டுகிற கடையைத் திறந்து ஏழு மாதம் ஆகிறது. தெருவே அதிர வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. நின்றுபோக வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் இவர்தான்.

பாயின் மோட்டார் படகுக்கு இருபது வயது. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கோரையாற்றில் கிளம்பி, அலையாத்திக் காடு வரை போய்த் திரும்பும். அதிலிருந்த கேசட் செட்டுக்கும் அதே வயது. ஒரு தட்டு தட்டினால் நிற்கும், இன்னொரு தட்டு தட்டினால் பாடும். போன வாரம் எத்தனை தட்டியும் பாடவில்லை.

"நிறுத்துறதுக்குத்தான் செட்டுலயே பட்டன் இருக்கே பாய்?"

"அதை அமுக்கினா நான்தான் நிறுத்துறேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்ல? தானா கெட்டுப்போன மாதிரி இருக்கணும். என் காலுக்குக் கீழ, பலகைக்கு அடியில ஒரு சுவிட்ச் வச்சுடு."

"எதுக்கு பாய்?"

"வை தம்பி. கேக்காதே."

வைத்தான். வைக்கும்போதே மண்டையைக் குடைந்தது. மனுஷருக்குப் பாட்டு பிடிக்காதோ? பிடிக்காதவர் சோதித்துப் பார்த்த பாட்டுக்கெல்லாம் கூடவே முணுமுணுப்பானேன். பறவைகள் மிரளும் என்றா? அப்படியானால் காட்டுக்குள் போனதும் ஊரறிய நிறுத்தலாமே, அதில் என்ன வெட்கம். ஒருவேளை வேறு கடைக்காரனுக்கு வேண்டியவரோ? தன் பெயரைக் கெடுக்கத்தான் இந்த ஏற்பாடோ? அப்படித் தோன்றியதும் அவனுக்குப் பயம் வந்தது.

வராமல் என்ன செய்யும். படகுக்காரர் சங்கத் தலைவர் குணசேகரன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை முத சவாரிக்கு நானும் வர்றேன். நல்லா பாடிச்சுன்னா மிச்சம் எட்டுப் படகும் உனக்குத்தான். இல்லேன்னா தஞ்சாவூர்லேருந்து ஆளைக் கூப்பிட்டுக்குறோம்."

எட்டுப் படகும் வந்தால் கடை பிழைக்கும். வராவிட்டால் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, பழையபடி அடுத்தவன் கடையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, படகுத்துறையில் பாயைத் தனியாக மடக்கினான்.

"பாய், இன்னைக்கு ஒருநாள் மட்டும் அந்த சுவிட்சை மிதிக்காதீங்க. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

"நேரமாச்சு, ஏறு தம்பி" என்றார் பாய். போய் எஞ்சினைக் கிளப்பினார்.

வலங்கைமானிலிருந்து வந்த பதினைந்து பேர் படகில் இருந்தார்கள். செட்டு அமர்க்களமாகப் பாடியது. குத்துப்பாட்டு வந்ததும் ஒரு பெரியவர் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார். அவரை உட்காரவைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். குணசேகரன் "பரவால்லையேப்பா" என்று காலால் தாளம் போட்டார். இளஞ்செழியன் மனசுக்குள் எட்டுப் படகுக்கும் வயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

ஆறு வளைந்தது. பாட்டு நின்றது.

"அட, என்னாச்சு?"

"புது செட்டுன்னு சொன்னாங்களே."

"எந்தப் புண்ணியவான்யா இதை மாட்டினது?"

குணசேகரனின் தாளமும் நின்றுபோயிற்று.

இளஞ்செழியனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கெஞ்சிக் கேட்டும் கழுத்தறுத்துவிட்டாரே. பலகையைப் பெயர்த்து சுவிட்சை எல்லாருக்கும் காட்டிவிடுவது என்ற முடிவோடு பாயின் காலடியில் போய்க் குனிந்தான்.

"தம்பி" என்றார் பாய், எஞ்சின் சத்தத்துக்குள் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கரைப்பக்கம் திரும்பாதே. பச்சைக் கதவு போட்ட வீடு வருது. ஜஸீலான்னு சின்ன வயசுப் பொண்ணு. புருஷன் மவுத்தாகி மூணு மாசம் ஆவுது. இத்தாவுல, துக்கத்துல இருக்கு. இன்னும் நாப்பது நாளைக்கு வெளி ஆம்பளைங்க கண்ணுல படாம வீட்டுக்குள்ளயே இருக்கணும். அந்தக் கதவோரமா இந்தப் பாட்டைப் போட்டுக்கிட்டுப் போக எனக்கு மனசு வரலைப்பா."

இளஞ்செழியனின் கோபம் பாதியில் நின்றது. "விஷயத்தைச் சொல்லியே நிறுத்தலாமே பாய்?"

"சொன்னா படகுல இருக்கிற அத்தனை கண்ணும் அந்த வீட்டுப் பக்கம்தானே திரும்பும்?"

இளஞ்செழியன் மெல்லத் தலையைத் தூக்கினான். பதினைந்து பேரும், கூடவே சங்கத் தலைவரும், செட்டைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்கள். கரைப்பக்கம் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

அவன் பலகையைத் தொடவில்லை. சும்மா ஒரு வயரைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தான். வீடு தாண்டியதும் பாயின் கால் அசைந்தது, பாட்டு திரும்பவும் வந்தது.

குணசேகரன் எழுந்து வந்தார். "என்னப்பா இது? செட்டுல கோளாறா, நீ மாட்டினதுல கோளாறா?"

பாய் வாயைத் திறக்கப் போனார். இளஞ்செழியன் முந்திக்கொண்டான்.

"நான் மாட்டினதுலதாண்ணே."

"இந்த லட்சணத்துல எட்டுப் படகை உன்னை நம்பி எப்படிக் குடுக்குறது? இந்த ஒண்ணையாவது எப்ப சரி பண்ணுவே?"

"நாப்பது நாளாவும்ணே" என்றான் இளஞ்செழியன்.