கனகசபேசனின் கைபிரேக்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: ராவ்பகதூர் பேரன் கனகசபேசனின் எழுபது வருடத்துக் கார், எஃப்.சி. என்னும் வாகனத் தகுதிச் சோதனையில் தோற்கடிக்கப்பட்டது. கைபிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிவிட்ட வாகன ஆய்வாளர் செண்பகவல்லியிடம் நியாயம் கேட்க, கனகசபேசன் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு எழுந்தருளினார். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். சான்றிதழ் இல்லாவிட்டால், மற்றவர்களின் கார்களுக்கு அவர் கையாட்ட வேண்டியிருக்கும்.

“ஏம்மா, கவர்னர் உக்காந்த வண்டிம்மா இது.”

“உக்காந்திருக்கட்டுங்கய்யா. சரிவுல நிக்கணுமே.”

“நாப்பது வருசமா எங்க பங்களா சரிவுலதான் நிக்குது. ஒரு அங்குலம் நகந்ததில்ல. ஏத்திப் பாரு.”

சோதனைச் சரிவில் வண்டியை ஏற்றினார்கள். டிரைவர் மாசிலாமணி கைபிரேக்கை இழுத்தார். ஆனால் கால் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“ஐயா, கல்லு வீட்டுலயே இருக்குங்க.”

“என்ன கல்லு?”

“பின் சக்கரத்துக்கு வைக்கிறதுங்க. பெரியய்யா காலத்துல இருந்து வாட்ச்மேன்தான் வைப்பாரு.”

வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த கனகசபேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாத்தியாம்மா, கல்லும் பரம்பரைக் கல்லு. அதையும் சேத்து எழுதிக்கோ.”

“கால எடுங்கண்ணே,” என்றார் செண்பகவல்லி.

மாசிலாமணி எடுத்தார். வண்டி பின்னால் உருண்டது. கனகசபேசன் வழிவிட்டார்.