பூவம்மா செய்த பாவம்

"ஐயா, ரெண்டு மாசமா அவ திருவிருந்து எடுக்கல. அப்பம் குடுக்கற நேரத்துக்குக் கரெக்டா எழுந்து வெளிய பூட்றா. பெருசா ஏதோ பாவம் பண்ணிக்கினு கீறா. அவ பொண்ணுக்குப் போயி நீங்க ஓலை வாசிக்கப் போறீங்களா?"

ஆராதனைக்கு மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம்தான். அங்கியை மாட்டிக்கொண்டிருந்த ஆயர் பெருமூச்சு விட்டார். எதிரில் நின்றது மாதர் சங்கத் தலைவி எப்சிபா ஆயிற்றே! திருவொற்றியூரில் இருக்கிற அந்தச் சின்னச் சபையில் யார் லேட்டாக வந்தார்கள், யார் பாடாமல் வாயை மட்டும் அசைத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பூவம்மா கருவாடு விற்கிறவள். மகள் ஜோதிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. 'இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடையிருந்தால் சொல்லுங்கள்' என்று மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். பெற்றவள் திருவிருந்தில் சேராமல் இருந்தால் ஓலை கிடையாது. அந்தச் சபையில் அது பழைய சட்டம்.

"நானும் கேட்டுட்டேம்மா," என்றார் ஆயர். "சபையில யாரோடயோ மனஸ்தாபமாம். யாருன்னு சொல்லு, ரெண்டு பேருக்கும் திருவிருந்த நிறுத்தி வச்சு, சமாதானம் பண்ணிட்டு அப்புறம் தரேன்னேன். பேரு மட்டும் வாயில வர மாட்டேங்குது."

"என்கிட்ட வரும்," என்றாள் எப்சிபா.

பாவ அறிக்கை சொல்லும்போது எப்சிபாவின் குரல்தான் தூக்கலாகக் கேட்டது. ஆனால் ஒரு கண் பூவம்மா மேலேயே இருந்தது. ஆயர் அப்பத்தைக் கையில் எடுத்ததும் சபையார் வரிசையாக முன்னே போனார்கள். பூவம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். விட்டேனா பார் என்று எப்சிபாவும் பின்னாலேயே போனாள்.

வெளியே செருப்புக் குவியல் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள் பூவம்மா.

"இன்னாடி இது? வர்ற ஞாயித்துக்கிழம ஓலை. இன்னிக்கு எடுக்காங்காட்டி பொண்ணு கல்யாணம் நின்னு பூடும். தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"அப்புறம் இன்னா?"

"மனசுல கோவத்த வச்சிகினு அப்பம் வாங்குனா, அதுவே நம்மளுக்குத் தீர்ப்பாப் பூடுமாமே. எனக்கு மெய்யாலுமே பயமா கீதுக்கா."

எப்சிபாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "யாரு மேல கோவம்? பேர மட்டும் சொல்லு. இப்பவே அவளக் கொண்டாந்து ஆயர் முன்னாடி நிக்க வெக்கிறேன்!"

"வோணாம்க்கா."

"சொல்லுடி!"

பூவம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கதான்க்கா."

எப்சிபா பின்னால் நகர்ந்து செருப்புக் குவியலை மிதித்துவிட்டாள்.

"நானா? நான் இன்னாடி பண்ணேன்?"

"டிசம்பர் புயல்ல எங்க வூட்டுக் கூரை ஷீட்டு பறந்துச்சே. தெருவே கூடி நிக்கசொல்ல, 'பூவம்மா பண்ண பாவத்துக்குக் கர்த்தர் குடுத்த தீர்ப்பு'ன்னு சொன்னீங்களேக்கா."

எப்சிபாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் புயலில் ஏழெட்டு வீட்டுக்கு அவள் தீர்ப்பு சொல்லியிருந்தாள். எந்த வீட்டுக்கு என்ன சொன்னோம் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

"என்னாண்ட வந்து கேட்டிருக்கலாமேடி?"

"மூணு தபா உங்க வூட்டாண்ட வந்தேன். ஜெபத்துல கீறாங்க, யாரையும் பாக்க மாட்டாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

எப்சிபாவின் முகம் சிவந்தது.

"என் மேலயும் தப்பு கீதுக்கா," என்றாள் பூவம்மா தயங்கித் தயங்கி. "ஒரு வாரம் முழுக்க, உங்க வூட்டு ஷீட்டும் பறக்கணும்னு ஜெபம் பண்ணேன்."

"எங்க வூடு மாடியாச்சேடி!"

"அது அப்பாலதான் ஞாபகம் வந்துச்சு."

எப்சிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. இரண்டையும் ஒரே முந்தானையில் துடைத்தாள்.

"பூவம்மா, நான் சொன்னது பெரிய பாவம்டி. தீர்ப்பு சொல்ற கர்த்தரு நாற்காலியில நான் ஏறிக் குந்திகினேன். மன்னிச்சிரு."

"ஐயோ, இன்னாக்கா நீங்க! நீங்களும் என்னை மன்னிச்சிருங்க."

"சரி, வா. வரிசை முடியறதுக்குள்ள ரெண்டு பேரும் போயிருவோம்." எப்சிபா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். படியேறும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. "ஏண்டி, ஓலையே நிக்கிற நெலமையில கூட ஆயர்கிட்ட என் பேர நீ ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களையும் நிறுத்தி வச்சிருப்பாரே! மொத பெஞ்ச்சுல குந்துறவங்க நீங்க, மானம் பூடும். நான் கடைசி பெஞ்ச்சுதானேக்கா, எழுந்து வெளிய போனா யாரு திரும்பிப் பாக்கப் போறாங்க?"