கேமராக்காரி

"கேமராக்காரி உங்க வீட்டைத்தான் விசாரிச்சுக்கிட்டு வர்றா. கதவைச் சாத்திக்கோ," என்றாள் எதிர்வீட்டு அக்கா.

கேட்டவளின் புருஷன் அப்போதுதான் மில்லிலிருந்து வந்திருந்தான்.

கல்லை அரைத்து மாவாக்கும் கல்மாவு மில் தொழிலாளிகளின் லைன் வீடுகள் அவை. ஒரு வருஷத்தில் கேமராக்காரி ஏழு பேரைப் படம் எடுத்திருந்தாள். ஏழு பேரும் அரவைப் பிரிவு. ஆறு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எதிர்வீட்டு அக்காவின் புருஷன் உட்பட. ஏழாவது ஆள் படுத்த படுக்கை.

ஆசைப்பட்டு யாராவது முன்னால் வந்து நின்றால், பேரைக் கேட்டு ஒரு நோட்டில் தேடுவாள். "நீங்க வேண்டாம்," என்று நகர்ந்துவிடுவாள். அப்படி வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

இவள் கதவைச் சாத்தப் போனபோது கேமராக்காரி வாசலில் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரரை ஒரு படம் எடுக்கணும்மா."

"எதுக்கு? அவரு திடகாத்திரமாத்தான் இருக்காரு."

"இப்ப எடுத்தாத்தான் உண்டு."

உள்ளேயிருந்து புருஷன் சிரித்துக்கொண்டே வந்தான். "கல்யாணத்துக்கு அப்புறம் என்னை யாரு எடுத்தா? வாங்கம்மா." சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"மில் அட்டையைக் கையில பிடிச்சுக்குங்க. முகத்துல மாவு இருக்கட்டும், துடைக்காதீங்க."

சொல்லிவிட்டு அவன் நெஞ்சில், வலது பக்கம், ஒரு விரலை வைத்தாள்.

"இங்கதானே குத்துது?"

அவன் முகம் செத்துப்போயிற்று. மெல்லத் தலையாட்டினான்.

மனைவி பாய்ந்துபோய்க் கேமராக்காரியின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள்.

ஏழு முகங்கள் தரையில் சிதறின. ஒவ்வொன்றோடும் ஒரு எக்ஸ்ரே பிலிம் சேர்த்துக் குத்தியிருந்தது. எட்டாவது பிலிம் மட்டும் தனியாகக் கிடந்தது. அதில் அவள் புருஷன் பேர். விலா எலும்புகளுக்கு நடுவே மாவைத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள். அடியில், 'நலம்' என்று எழுதியிருந்தது.

"யாரு நீ?" பிலிமைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்த ஆளுங்க யாருன்னே தெரியாதுன்னு மில்காரங்க கோர்ட்ல சொல்றாங்கம்மா. முகமும் நுரையீரலும் ஒரே ஆளோடதுன்னு காட்டணும். அதுக்குத்தான் படம். ஏழு பேர்கிட்டயும் உள்ளதைச் சொல்லிட்டுத்தான் எடுத்தேன். வீட்ல சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினாங்க. உங்க வீட்டுக்காரருக்கு இப்பதான் ஆரம்பம். நாளையிலிருந்து மில்லுக்கு அனுப்பாதீங்க."

"இந்த எக்ஸ்ரே எல்லாம் உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

கேமராக்காரி தரையில் உட்கார்ந்து, முகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"மில் ஆஸ்பத்திரியில பதினோரு வருஷம் எக்ஸ்ரே எடுத்தது நான்தான்மா. அவங்க சொன்னாங்கன்னு, எல்லாத்துக்கும் அடியில 'நலம்'னு எழுதினதும் நான்தான்."